உலகமே தடை போட்டும் வட கொரியா ஏன் அணுகுண்டை விடவில்லை?

சோற்றுக்கே திண்டாடும் நாடு. ஐ.நா. அடுக்கடுக்காகத் தடை போடுகிறது. நட்பு நாடுகளே முகம் சுளிக்கின்றன. அப்படியும் வட கொரியா ஏன் அணுகுண்டைக் கட்டிக்கொண்டு அழுகிறது என்பது கேள்வி. கூடவே ஒரு துணைக் கேள்வியும் வந்திருக்கிறது: கிம் ஜாங் உன்னுக்குப் பைத்தியமா?

துணைக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பைத்தியம் இல்லை. தாத்தா கிம் இல் சுங், அப்பா கிம் ஜாங் இல், பேரன் கிம் ஜாங் உன் என்று மூன்று தலைமுறையாக ஒரே திசையில் போகிறார்கள். பைத்தியக்காரத்தனம் இவ்வளவு ஒழுங்காகப் பரம்பரையாக வராது. அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் விடை சரியாகவே வருகிறது, அதுதான் சங்கடம். அந்தக் கணக்கில் மக்களின் வயிறு ஒரு வரியாகக்கூட இடம்பெறாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நாட்டின் பாதுகாப்பு' என்று தலைநகர் பியாங்யாங் சொல்லும் இடத்தில் எல்லாம் 'கிம் குடும்ப ஆட்சியின் பாதுகாப்பு' என்று மாற்றிப் படியுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

கொரியப் போரைத் தொடங்கியது கிம் இல் சுங்தான். 1950 ஜூன் 25 அன்று அவருடைய படை தெற்கே புகுந்தது. அதில் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் வட கொரியர்கள் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு வந்த மூன்று ஆண்டுகளை. அந்தப் போரில் அமெரிக்க விமானங்கள் கொரியாவில் போட்ட குண்டு 6,35,000 டன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களம் முழுவதிலும் சேர்த்து அமெரிக்கா போட்டதே 5,03,000 டன்தான். நேபாம் என்ற தீக்குண்டு மட்டும் 32,000 டன்னுக்கு மேல். பியாங்யாங்கில் முழுசாக நின்ற கட்டடங்களைத் தேடிப் பார்க்க வேண்டிய நிலை. 1950 நவம்பர் 30 அன்று அதிபர் ட்ரூமன் பத்திரிகையாளர்களிடம், அணுகுண்டைப் பயன்படுத்துவதும் பரிசீலனையில் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஹிரோஷிமா நடந்து அப்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

1953 ஜூலை 27 அன்று சண்டை நின்றது. நின்றது என்றால் போர்நிறுத்தம் மட்டும். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. 1958இல் அமெரிக்கா தென் கொரியாவிலேயே அணு ஆயுதங்களைக் கொண்டுவந்து வைத்தது. 1960களின் பிற்பாதியில் அவற்றின் எண்ணிக்கை 950ஐத் தொட்டது. 1991இல்தான் கடைசியாக எடுத்துப் போனார்கள். ஆக, முப்பத்து மூன்று ஆண்டுகள் எல்லைக்கு அந்தப் பக்கத்தில் அணு ஆயுதம் இருக்கிறது என்ற அறிவோடு வளர்ந்த ராணுவம் அது. பியாங்யாங் இதைப் பிரசாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்துகிறது, உண்மைதான். அதற்காக அந்தப் பயம் முழுக்கப் போலி என்று ஆகிவிடாது.

இவ்வளவு பயம் இருந்தும், முதல் முப்பது நாற்பது ஆண்டுகள் அவர்கள் குண்டு செய்வதில் அவசரம் காட்டவில்லை. காரணம், மாஸ்கோவும் பெய்ஜிங்கும் பின்னால் நின்றன. 1961இல் இரண்டுடனும் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாயிற்று. யோங்பியோன் என்ற இடத்தில் முதல் அணு ஆராய்ச்சி உலையை வைத்துக் கொடுத்ததே சோவியத் யூனியன்தான், 1965 வாக்கில். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் வட கொரியா 1985இல் சேர்ந்ததும் மாஸ்கோ சொன்னதால்தான்.

அப்புறம் 1990 வந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மிக முக்கியமான ஆண்டு இதுதான். ஆனால் செய்திகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் சோவியத் வெளியுறவு அமைச்சர் ஷெவர்நாட்ஸே பியாங்யாங்குக்கு வந்து, தென் கொரியாவை நாங்கள் அங்கீகரிக்கப் போகிறோம் என்று சொன்னார். வட கொரியாவின் பதில் சூடாக இருந்தது: அப்படியானால் எங்களுக்கு வேண்டிய ஆயுதங்களை நாங்களே செய்துகொள்வோம். அதே மாதம் அங்கீகாரம் கையெழுத்தானது. தள்ளுபடி விலையில் வந்துகொண்டிருந்த சோவியத் எண்ணெய்க்கு இனி டாலரில், சந்தை விலையில் பணம் கொடு என்றார்கள். 1992 ஆகஸ்டில் சீனாவும் சியோலோடு கைகுலுக்கியது. இதற்கு நடுவே 1991இல் ஈராக்கில், சோவியத் பீரங்கிகளும் டாங்கிகளும் வைத்திருந்த பெரிய படை ஒன்று நூறு மணி நேரத் தரைப்போரில் நொறுங்கியதைப் பியாங்யாங் தளபதிகள் பார்த்தார்கள். தங்களிடம் இருந்ததும் அதே சரக்கு.

இரண்டு ஆண்டுக்குள் இரண்டு காவலர்களும் எதிராளியோடு கணக்குத் தொடங்கிவிட்டார்கள். தெற்கோ பொருளாதாரத்தில் எட்ட முடியாத தூரம் போய்விட்டது. டாங்கிக்கு டாங்கி, விமானத்துக்கு விமானம் என்று போட்டி போடப் பணம் கிடையாது. இந்த நிலையில் இருக்கிற ஓர் ஆட்சிக்கு அணுகுண்டு ஆடம்பரம் இல்லை, கிடைக்கிற பாதுகாப்பிலேயே மலிவானது அதுதான்.

மலிவு என்றால் எவ்வளவு மலிவு என்று யோங்பியோனைப் பார்த்தால் தெரியும். பியாங்யாங்குக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர். அங்கே 1986இல் இயங்கத் தொடங்கிய 5 மெகாவாட் உலைக்கு மூலம், பிரிட்டன் 1956இல் கால்டர் ஹாலில் திறந்த பழைய வகை உலை. அந்த வடிவமைப்பு விவரங்கள் ரகசியமாக இருக்கவில்லை. எரிபொருள் இயற்கை யுரேனியம், அது உள்ளூரிலேயே கிடைக்கிறது. செறிவூட்ட வேண்டாம். நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கனநீர் வேண்டாம், கிராஃபைட் போதும். வெளியே கையேந்தாமல் கட்டக்கூடிய உலை எது என்று தேடி, சரியாக அதைப் பிடித்திருக்கிறார்கள். இன்னொரு வசதியும் உண்டு. இந்த வகை எரிபொருள் தண்டுகளுக்கு மேலுறை மெக்னீசியக் கலவையால் ஆனது. தண்ணீர்த் தொட்டியில் நெடுநாள் போட்டுவைத்தால் அரித்துவிடும். அதனால், பாதுகாப்புக்காகத் தண்டுகளைக் கரைத்துப் பிரித்தெடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரித்தால் வருவது புளூட்டோனியம். நன்றாக ஓடினால் ஆண்டுக்குச் சுமார் ஆறு கிலோ, அதாவது ஒரு குண்டுக்குப் போதுமான அளவு.

2004 ஜனவரியில் சீக்ஃப்ரீட் ஹெக்கர் என்பவரை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். அமெரிக்கா முதல் அணுகுண்டு செய்த லாஸ் அலமாஸ் ஆய்வகத்துக்குப் பதினொரு ஆண்டுகள் இயக்குநராக இருந்த உலோகவியலாளர் அவர். அரசு அனுப்பிய தூதர் அல்ல, ஒரு தனிப்பட்ட குழுவோடு போனவர். 8,000 தண்டுகள் இருக்க வேண்டிய தொட்டியைக் காட்டினார்கள், காலி. பிறகு ஒரு கூட்ட அறையில் பெட்டியைத் திறந்து, மூடி போட்ட இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் பொடி, மற்றதில் சுமார் 200 கிராம் எடையுள்ள உலோகத் துண்டு. இதுதான் எங்கள் தயாரிப்பு என்றார்கள். கையுறை கொடுங்கள், பிடித்துப் பார்க்கிறேன் என்று கேட்டார் ஹெக்கர். ஜாடி கனமாகவும் இலேசாகச் சூடாகவும் இருந்தது. புளூட்டோனியம் தானாகவே சூடு வெளியிடும்; அளவுக்கு மீறிக் கனக்கும். ஊருக்குத் திரும்பி அமெரிக்க செனட் குழு முன்னால் இதை அப்படியே சொன்னார். வட கொரியர்கள் விரும்பியதும் அதுதான். தங்களிடம் குண்டு இருக்கிறது என்று எதிராளியை நம்பவைக்காவிட்டால் குண்டு வைத்திருந்து என்ன பயன்?

குண்டை விட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். 1994இல் அமெரிக்கா யோங்பியோன் மீது குண்டு போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பியாங்யாங் போய்க் கிம் இல் சுங்கைப் பார்த்துப் பேசி நிலைமையைத் தணித்தார். அடுத்த மாதமே கிம் இறந்துபோனார். அப்படியும் அக்டோபரில் உடன்பாடு கையெழுத்தானது. யோங்பியோனை மூடிவைக்க வேண்டும். பதிலுக்கு, குண்டு செய்யக் கடினமான வகையில் இரண்டு பெரிய மின் உலைகள் கட்டித் தரப்படும். அவை வரும்வரை ஆண்டுக்கு 5,00,000 டன் ஃபர்னஸ் ஆயில். உலைகளுக்குக் குறித்த இலக்கு ஆண்டு 2003. முதல் கான்கிரீட் ஊற்றப்பட்டதே 2002 ஆகஸ்டில். உடன்பாடு கையெழுத்தான சில வாரங்களில் அமெரிக்க நாடாளுமன்றம் எதிர்க்கட்சி கைக்குப் போய்விட்டது. எண்ணெய்க்கான பணம் ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. மறுபக்கம், வட கொரியாவும் யோக்கியம் இல்லை. யோங்பியோனை மூடி முத்திரை வைத்துவிட்டு, பாகிஸ்தானின் அப்துல் காதிர் கானிடமிருந்து சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் இயந்திரங்களை வாங்கி யுரேனியம் செறிவூட்டும் வழியைத் திருட்டுத்தனமாகத் திறந்தது. 2002 அக்டோபரில் அது பேச்சுவார்த்தை மேசைக்கு வந்ததும் எல்லாம் உடைந்தது. எண்ணெய் நின்றது, கண்காணிப்பாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 2003 ஜனவரியில் வட கொரியா பரவல் தடை ஒப்பந்தத்தையே விட்டு விலகியது. இரண்டு மாதத்தில் அமெரிக்கப் படை பாக்தாத்தை நோக்கிப் புறப்பட்டது. ஈராக், ஈரான், வட கொரியா மூன்றையும் ஒரே மூச்சில் தீமையின் அச்சு என்று அதிபர் புஷ் சொல்லி ஓர் ஆண்டுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. மூன்றில் ஒன்று போயிற்று.

அடுத்து லிபியா. 2003 டிசம்பரில் அதன் தலைவர் கடாஃபி தன் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். கருவிகளைப் பெட்டி பெட்டியாக அமெரிக்காவின் டென்னசிக்கு விமானத்தில் ஏற்றினார்கள். மேலைத் தலைவர்கள் திரிப்போலிக்கு வந்து கூடாரத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். வட கொரியாவிடம், பார்த்தீர்களா, நீங்களும் இப்படி வரலாம் என்று சொல்லப்பட்டது. 2011 மார்ச்சில் நேட்டோ நாடுகளின் விமானங்கள் லிபியா மீது குண்டு போட்டன. சில நாளிலேயே வட கொரிய வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டது: இனிக்கப் பேசி ஆயுதத்தை வாங்கிவிட்டு அடிக்கும் தந்திரம் இது, நாங்கள் தேர்ந்த வழிதான் சரி. அக்டோபர் 20 அன்று கடாஃபி சிர்ட்டே நகரில் ஒரு வடிகால் குழாயிலிருந்து இழுத்து வரப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கைபேசிப் படம் உலகமெல்லாம் ஓடியது. இரண்டு மாதத்தில் கிம் ஜாங் இல் இறந்து, முப்பது வயதுகூட நிரம்பாத மகன் பதவிக்கு வந்தார்.

நியாயமாகச் சொன்னால் லிபியாவையும் வட கொரியாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. லிபியாவிடம் குண்டு இருக்கவே இல்லை. சென்ட்ரிஃபியூஜ்களில் பெரும்பகுதி பெட்டிகூடப் பிரிக்கப்படவில்லை. விடாமல் வைத்திருந்தாலும் 2011க்குள் குண்டு ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். கடாஃபி விழுந்தது முதலில் சொந்த மக்களின் எழுச்சியால். ஆனால் பியாங்யாங்கில் யாரும் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. விட்டவன் செத்தான் என்பது போதும். இது தெரிந்தும் 2018 ஏப்ரலில், கிம்-ட்ரம்ப் சந்திப்புக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த நேரத்தில், அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன் தொலைக்காட்சியில் உட்கார்ந்து 'லிபியா மாதிரி' பற்றிப் பேசினார். தெரியாமல் பேசினாரா, சந்திப்பைக் கெடுக்கவே பேசினாரா என்று இன்றும் விவாதம் உண்டு. நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

உக்ரைனையும் எல்லோரும் இங்கே சேர்ப்பார்கள். சோவியத் உடைந்தபோது அங்கே சுமார் 1,900 நெடுந்தூர அணு ஆயுதங்கள் இருந்தன. 1994 புடாபெஸ்ட் உடன்பாட்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் எழுத்தில் கொடுத்த உறுதியை நம்பி அவற்றைக் கைவிட்டார்கள். 2014லும் 2022லும் என்ன நடந்தது என்று தெரியும். அந்த ஆயுதங்களை இயக்கும் அதிகாரம் கீவ் கையில் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். ஈரான் 2015இல் உடன்பாடு போட்டது, 2018 மே மாதம் அமெரிக்கா அதிலிருந்து விலகியது, 2025 ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்கள் மீது குண்டு போட்டன. குண்டு செய்யும் திறமைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான இடம் என்று பியாங்யாங் இதையும் குறித்துக்கொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது ஏன் குண்டு வேண்டும் என்பதற்கு. கேள்வியின் மறுபாதி, அழுத்தம் ஏன் பலிக்கவில்லை என்பது. இதற்கு விடை வட கொரியாவில் இல்லை, அதன் எதிர்வீட்டில் இருக்கிறது.

1970களில் தென் கொரியாவும் ரகசியமாகக் குண்டு செய்யப் பார்த்தது. இது பலருக்குத் தெரியாது. 1971இல் நிக்சன் அங்கிருந்த அமெரிக்கப் படையில் ஒரு டிவிஷனை, சுமார் 20,000 பேரை, திரும்ப அழைத்தார். அதிபர் பார்க் சுங் ஹீ பயந்துபோய், பிரான்ஸிடமிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலையை வாங்கப் பேரம் பேசினார். வாஷிங்டனுக்குத் தெரிந்தது. இதைத் தொடர்ந்தால் பாதுகாப்பு உறவையே மறுபரிசீலனை செய்வோம், உலைக்குக் கடனும் கிடைக்காது என்றார்கள். 1975 ஏப்ரலில் தென் கொரியா பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது. 1976 தொடக்கத்தில் பிரெஞ்சு ஆலை ரத்தாயிற்று. தைவானிலும் இதே கதை. அங்கே கனடா கொடுத்த ஆராய்ச்சி உலை, நம் மும்பை டிராம்பேயில் இருந்த சைரஸ் உலையின் அதே வகை. திட்டம் வெகுதூரம் போயிருந்த நேரத்தில், 1988 ஜனவரியில், ஆய்வு நிலையத்தின் துணை இயக்குநர் சாங் சியென்-யி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லா விவரமும் கூடவே போயிற்று. சில வாரங்களில் உலை மூடப்பட்டது.

இரண்டு நாடுகளுக்கும் உயிர்ப்பயம் வட கொரியாவுக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. ஆனால் அவர்களின் குடுமி வாஷிங்டன் கையில் இருந்தது. படை, கடன், ஏற்றுமதிச் சந்தை, உலை எரிபொருள், மாணவர் விசா என்று எதைத் தொட்டாலும் அங்கேதான் முடியும். இழுத்தால் வலிக்கும், அதனால் இழுக்கப் போகிறேன் என்று சொன்னாலே போதும். வட கொரியாவுக்கு அமெரிக்காவோடு வணிகம் இல்லை, கடன் இல்லை, தூதரகம் இல்லை. பறிக்க என்ன இருக்கிறது? ஒரு நாட்டை முழுக்க ஒதுக்கிவைத்தால் அதை மிரட்டும் வழியும் அதோடு போய்விடும். தனிமைப்பட்ட நாடுகளிடம் அழுத்தம் தோற்பதற்கு நான் ஒரே காரணம்தான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

விதிவிலக்காக ஒருமுறை அவர்களுக்கு வலித்தது. 2005 செப்டம்பரில் மக்காவ்வில் உள்ள பான்கோ டெல்டா ஏஷியா என்ற சிறிய வங்கியை அமெரிக்கக் கருவூலத் துறை பணச்சலவைச் சந்தேகத்தில் குறிவைத்தது. அங்கே முடங்கிய வட கொரியப் பணம் சுமார் 2.5 கோடி டாலர். ஒரு நாட்டின் அளவில் அது சில்லறைக் காசு. ஆனால் அதைப் பார்த்து மற்ற வங்கிகளும் வட கொரியக் கணக்குகளைத் தொடப் பயந்தன. மேல்மட்டத்துக்கு வெளிநாட்டுச் சரக்கு வாங்கும் வழி அடைபட்டது. மக்கள் பட்டினி கிடந்தபோது வராத கோபம் இதற்கு வந்தது. 2006 ஜூலையில் ஏவுகணைகளை ஏவினார்கள். அக்டோபர் 9 அன்று புங்யே-ரி மலைச் சுரங்கத்தில் முதல் அணுகுண்டைச் சோதித்தார்கள். பணம் 2007இல் திரும்பக் கிடைத்தது. அதை எடுத்துப்போக எந்த வங்கியும் முன்வராமல், கடைசியில் நியூயார்க் மத்திய வங்கி வழியாக ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு கூத்து. வலித்தால் குண்டை விடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. வலித்ததும் குண்டை வெடித்துக் காட்டினார்கள், பணமும் வந்தது.

மற்றபடி, தடைகளின் வலி போய்ச் சேரும் இடம் வேறு. 1990களின் நடுவில் வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் ஆறு லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்பது பொதுவான மதிப்பீடு; அதற்கு மேலும் சொல்கிறார்கள். அந்தப் பஞ்சத்தின் வால் மறையும் முன்பே, 1998 ஆகஸ்டில், ஜப்பானுக்கு மேலே ஏவுகணையைப் பறக்கவிட்டது அரசு. பசித்தவர்கள் தெருவுக்கு வந்து ஆட்சியைக் கவிழ்ப்பார்கள் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். தெருவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், 2014இல் ஐ.நா. விசாரணை ஆணையம் வெளியிட்ட அறிக்கையில் சிறைமுகாம்கள் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் உங்களுக்கும் தெரியும். 2020 ஜனவரியில் கொரோனாவுக்குப் பயந்து பியாங்யாங் தானே எல்லையை மூடியது. சீனாவுடனான வணிகம் அந்த ஆண்டு ஏறக்குறைய எண்பது விழுக்காடு விழுந்தது. எந்த ஐ.நா. தீர்மானமும் செய்யாததைத் தனக்குத் தானே செய்துகொண்டது அந்த அரசு. ஆட்சி ஆட்டம் காணவில்லை.

இங்கே சீனாவைச் சொல்லாமல் விடக் கூடாது. வட கொரியாவின் அயல் வணிகத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சீனாவோடுதான். சீனாவின் டான்டோங் நகரிலிருந்து எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்து போகும் குழாயில் கச்சா எண்ணெய் ஓடுகிறது. அதாவது ஒரு குடுமி உண்டு. அது பெய்ஜிங் கையில் இருக்கிறது. ஆனால் பெய்ஜிங் இழுக்காது. இழுத்தால் ஆட்சி விழும், 1,400 கிலோமீட்டர் எல்லை வழியாக அகதிகள் வருவார்கள், பின்னாலேயே அமெரிக்கப் படையோடு கூட்டு வைத்த ஒன்றுபட்ட கொரியா எல்லையில் வந்து நிற்கும். அணுகுண்டு வைத்திருக்கும் அண்டைவீட்டுக்காரனைச் சீனாவுக்குப் பிடிக்கவில்லை. விழுந்த வீட்டை அதைவிடப் பிடிக்கவில்லை. இது கிம்முக்கு நன்றாகத் தெரியும். 2017இல் நிலக்கரி, துணி ஏற்றுமதிக்கு எல்லாம் தடை வந்தபோது சீனாவும் சேர்ந்துதான் வாக்களித்தது. நிலக்கரி ஒன்றிலேயே ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்த வருமானம் அது. அப்போதும் கச்சா எண்ணெய்க் குழாயை மூடச் சீனா ஒப்பவில்லை. இழந்த வருமானத்தை ஈடுகட்ட வட கொரியா கணினித் திருட்டை இன்னும் பெருக்கியது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து ஒரே வீச்சில் போன 150 கோடி டாலரை அவர்கள் கணக்கில்தான் அமெரிக்கப் புலனாய்வுத் துறை எழுதியிருக்கிறது.

உள்நாட்டுக் காரணமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பிறகு வந்த இளைஞனுக்குச் சாதனை என்று காட்ட ஒன்று வேண்டியிருந்தது. 2012இல் அரசியலமைப்புச் சட்டத்திலேயே அணு ஆயுத நாடு என்று எழுதினார்கள். பியாங்யாங்கில் விஞ்ஞானிகளுக்கென்றே மிரே தெரு என்று அடுக்குமாடிக் கட்டடங்களோடு ஒரு தெருவைக் கட்டி 2015இல் திறந்தார்கள். இந்தத் திட்டத்தால் வீடும் பதக்கமும் பெற்ற ஒரு பெரிய கூட்டம் இப்போது இருக்கிறது. அவர்களிடம் போய் நாளையிலிருந்து கடையை மூடு என்று சொல்ல கிம்மாலேயே சுலபத்தில் முடியாது.

அப்படியானால் ஒதுக்கப்பட்ட நாடு எதுவும் குண்டை விட்டதே இல்லையா? விட்டிருக்கிறது. தென் ஆப்பிரிக்கா. நிறவெறி ஆட்சிக்காக உலகம் ஒதுக்கிய நாடு. அங்கோலாவில் சோவியத் ஆதரவு பெற்ற கியூபப் படையோடு மோதிக்கொண்டிருந்தது. 1977 ஆகஸ்டில் கலஹாரிப் பாலைவனத்தில் அவர்கள் தோண்டிய சோதனைக் குழிகளைச் சோவியத் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது. உலகம் கொதித்தது, சோதனை நின்றது, நவம்பரில் ஐ.நா. ஆயுதத் தடை போட்டது. திட்டம் நின்றதா? இல்லை. 1980களில் ஆறு குண்டுகள் செய்து முடித்தார்கள். போட வைத்திருந்ததைவிட, ஆபத்து முற்றினால் குண்டைக் காட்டி அமெரிக்காவைத் தங்கள் உதவிக்கு இழுப்பதற்காக வைத்திருந்த குண்டுகள் அவை.

அதை விட்டது எப்போது என்று பாருங்கள். 1988 டிசம்பரில் கியூபப் படை வெளியேற உடன்பாடு, நமீபியாவுக்கு விடுதலை, சோவியத் பின்வாங்குகிறது. 1989இல் அதிபர் பதவிக்கு வந்த டி கிளர்க் நிறவெறி ஆட்சியையே முடித்து உலகத்தோடு சேரத் தீர்மானித்தார். குண்டுகளைக் கழற்ற உத்தரவு போட்டார். 1991இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள். 1993 மார்ச் 24 அன்றுதான் நாடாளுமன்றத்தில் விஷயத்தையே சொன்னார். வரப்போகும் மண்டேலா அரசின் கையில் குண்டு போகக் கூடாது என்ற எண்ணமும் இருந்திருக்கும். அது அவ்வளவு பெருமைக்குரிய காரணம் இல்லை. எப்படியோ, வெளிப்பயம் போனது, ஆள்பவர்கள் தாங்களாகவே ஆட்சியை மாற்றிக்கொள்ளத் துணிந்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது குண்டு வேண்டாத சுமை ஆயிற்று.

கிம்முக்கு அந்த வாசல் திறக்கவே முடியாது. கதவைத் திறந்தால் எதிரே நிற்பது அதே மொழி பேசும், பல மடங்கு வசதியான தென் கொரியா. அதைப் பார்த்த பிறகு வட கொரியா என்று ஒரு தனி நாடு எதற்கு என்ற கேள்வி வரும்; கிழக்கு ஜெர்மனிக்கு 1989இல் வந்தது. அதனால்தானோ என்னவோ, 2023 கடைசியில் மறு இணைப்பு என்ற பேச்சையே கிம் குப்பையில் போட்டு, தெற்கு வெறும் எதிரி நாடு என்று அறிவித்தார்.

ஒதுக்கப்பட்ட எல்லா நாடும் குண்டு செய்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கியூபாவும் ஒதுக்கப்பட்டதுதான், 2002 வரை பரவல் தடை ஒப்பந்தத்தில்கூடச் சேரவில்லை. ஆனால் 1962 ஏவுகணை நெருக்கடியின் முடிவில், படையெடுக்க மாட்டோம் என்று கென்னடி கொடுத்த வாக்கு ஏறத்தாழ நின்றது. குண்டு செய்யும் தொழில்திறனும் இல்லை. எரித்திரியாவுக்குப் பணமும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பயம், திறமை, இவை இரண்டுக்கும் மேல் குண்டு முடியும்வரை யாரும் அடிக்காமல் இருக்கும் கால அவகாசம், மூன்றும் வேண்டும். ஈராக்குக்கு மூன்றாவது கிடைக்கவில்லை. 1981இல் இஸ்ரேல் அதன் ஒசிராக் உலையைத் தகர்த்தது. வட கொரியாவுக்கு அந்த அவகாசத்தைக் கொடுத்தது எல்லையோரம் அடுக்கி வைத்த பழைய பீரங்கிகள். சியோல் அங்கிருந்து 50 கிலோமீட்டருக்குள். 1994இல் யோங்பியோனை அடிக்காமல் விட்டதற்கு அந்தப் பீரங்கிகள் ஒரு முக்கியக் காரணம். பீரங்கி நேரம் வாங்கித் தந்தது, அந்த நேரத்தில் குண்டு முடிந்தது.

இப்போது நிலைமை இன்னும் நழுவிவிட்டது. வட கொரியாவிடம் சுமார் ஐம்பது அணுகுண்டுகள் இருக்கலாம் என்று ஆயுதங்களைக் கணக்கெடுக்கும் ஸ்டாக்ஹோமின் சிப்ரி நிறுவனம் 2025இல் மதிப்பிட்டது. 2017இல் தடைக்கு வாக்களித்த ரஷ்யா, உக்ரைன் போருக்கு வட கொரியப் பீரங்கிக் குண்டுகளை வாங்கத் தொடங்கிய பிறகு, 2024 மார்ச்சில் தடைகளைக் கண்காணிக்கும் ஐ.நா. நிபுணர் குழுவையே வீட்டோ போட்டு முடித்துவைத்தது. ஜூனில் புடின் பியாங்யாங் வந்து பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார். 1990இல் கைவிட்டுப் போன காவலர், முப்பத்து நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறார். 1990இலேயே போகாமல் இருந்திருந்தால் குண்டு வந்திருக்குமா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இதன் சூடு இப்போது தெற்கில் தெரிகிறது. தென் கொரியாவில் கருத்துக்கணிப்பு எடுத்தால் பாதிக்கும் மேற்பட்டோர் நமக்கும் குண்டு வேண்டும் என்கிறார்கள். 2023 ஜனவரியில் அப்போதைய அதிபர் யூன் சுக் யோல் அதை வாய்விட்டே சொன்னார். ஏப்ரலில் வாஷிங்டனுக்கு அழைத்து, பரவல் தடை ஒப்பந்தத்தில் உறுதியாக இருப்போம் என்று அவரிடம் எழுதி வாங்கினார்கள். பதிலுக்கு அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அந்த ஜூலையில் புசான் துறைமுகத்துக்கு வந்து நின்றது. சியோலிடம் இந்தப் பேரம் இன்னும் செல்லுபடியாகிறது. பியாங்யாங்கிடம் வைக்கக்கூடிய பேரம் இனிமேல், எத்தனை குண்டோடு நிறுத்துவாய், சோதனையை எவ்வளவு காலம் தள்ளிப்போடுவாய் என்ற அளவில்தான் இருக்க முடியும். அதைக் கேட்கக்கூட அமெரிக்கா முதலில், முழுக்கக் கைவிட்டால்தான் பேச்சு என்ற பழைய நிபந்தனையை ஒதுக்கி வைக்க வேண்டும். 2025 செப்டம்பரில் கிம் தன் நாடாளுமன்றத்தில் பேசியபோது கேட்டதும் அதைத்தான்.